வீட்டின் மேல் கடன் எடுத்து, உச்சத்தில் நிற்கும் சந்தையில் மொத்தமாகப் போடலாமா? கனடாவில் வீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவில் வீடு வாங்கிப் பத்துப் பதினைந்து வருடம் ஆன தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. வீட்டின் விலை வாங்கிய நாளைவிட நன்றாகக் கூடியிருக்கிறது. மோட்கேஜில், அதாவது வீட்டுக் கடனில், ஒரு பெரிய பங்கு கட்டியாகிவிட்டது. வீட்டின் மேல் ஒரு கடன் வரம்பு திறந்து தருகிறோம் என்று வங்கி கேட்கிறது. அந்தக் காசை எடுத்துப் பங்குச் சந்தையில் ஒரே தடவையில் போட்டால் என்ன? ஆனால் சந்தை உச்சத்தில் நிற்கிறதே? ரொறன்ரோப் பங்குச் சந்தையின் குறியீடு 2025இல்தான் முதல் தடவையாக 30,000 புள்ளிகளைத் தாண்டியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தை உச்சத்தில் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. சந்தை விழுந்த பிறகும் விற்காமல், வட்டியைச் சம்பளத்திலிருந்தே கட்டிக்கொண்டு, பல வருடம் பொறுத்திருக்க முடியுமா என்பது முதல் கேள்வி. அதற்கு மனமறிந்து "முடியும்" என்று சொல்லக்கூடிய தொகை, வங்கி தரத் தயாராக இருக்கும் தொகையைவிட மிகவும் சிறியதாகத்தான் இருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் கனடா நிலவரம். இலங்கையிலோ இந்தியாவிலோ இருக்கும் வீட்டின் மேல் கடன் எடுப்பவர்களுக்குச் சட்டமும் வரிக் கணக்கும் வேறு.

வங்கி சொல்லும் இந்த "ஹீலொக்" என்ன? எவ்வளவு எடுக்க முடியும்?

உங்கள் வீட்டையே ஈடாக வைத்துத் தரப்படும் சுழல்கடன் அது. வரம்புக்குள் வேண்டியபோது எடுக்கலாம், வேண்டியபோது கட்டலாம். எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டினால் போதும் என்பதுதான் பலரையும் இழுப்பது.

ஹீலொக் பகுதி மட்டும் வீட்டு மதிப்பின் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மோட்கேஜையும் சேர்த்தால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீடு 10 லட்சம் டொலர், மோட்கேஜில் 4 லட்சம் மிச்சம் என்றால், கணக்குப்படி இன்னும் 4 லட்சம் வரை எடுக்கலாம். இது வங்கியைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டிருக்கும் எல்லை. உங்களைக் காப்பாற்றும் எல்லை எங்கே என்பதை நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வட்டி கட்டி எடுத்த காசைச் சந்தையில் போட ஏன் இவ்வளவு பேர் யோசிக்கிறார்கள்?

வரிதான் காரணம். கனடாவில் நாம் குடியிருக்கும் வீட்டின் மோட்கேஜ் வட்டிக்கு வருமான வரியில் கழிவு கிடையாது. ஆனால் வருமானம் தரக்கூடிய முதலீட்டுக்காகக் கடன் வாங்கினால், அந்தக் கடனின் வட்டியைக் கழிக்கலாம். கடனுக்கு ஈடு வீடாக இருந்தாலும் பரவாயில்லை. காசு எதற்குப் பயன்பட்டது என்பதைத்தான் வருமான வரிச் சட்டம் பார்க்கிறது. இதை வைத்து ஃப்ரேசர் ஸ்மித் என்பவர் பரப்பிய முறைக்கு "ஸ்மித் மனூவர்" என்றே பெயர்.

ஹீலொக் வட்டி பெரும்பாலும் வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் ரேட்டோடு அரை சதவீதம் கூட்டியதாக இருக்கும். 2025 அக்டோபர் இறுதியில் பிரைம் 4.45 சதவீதம். ஆகவே உங்கள் வட்டி 4.95. நீங்கள் கடைசியாக உழைக்கும் டொலருக்கு 40 சதவீதம் வரி கட்டுபவர் என்றால், கழிவுக்குப் பிறகு வட்டியின் உண்மையான பாரம் 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. சந்தை நீண்ட காலத்தில் அதைவிடக் கூடத் தந்திருக்கிறது, பிறகென்ன என்று தோன்றும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் "நீண்ட காலத்தில்" என்ற சொல்லுக்குள் என்னென்ன நடக்கும் என்பதை அந்தக் கணக்கு காட்டுவதில்லை.

சந்தை இதுவரை இல்லாத உயரத்தில் இருக்கிறது. இப்போது போடுவது புத்திசாலித்தனமா?

உச்சம் என்பது அபூர்வமான ஒன்று இல்லை. வளர்ந்துகொண்டே போகும் சந்தை அடிக்கடி புது உச்சத்தில்தான் நிற்கும். அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீடு 2013 மார்ச்சில் தன் பழைய உச்சமான 1,565ஐத் தாண்டியது. அப்போதும் "இனி விழத்தான் போகிறது" என்று பலர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இன்று அது 6,000க்கு மேலே. விழும் என்று காத்திருந்தவர்கள் காத்திருந்த விலை திரும்பி வரவே இல்லை.

மறுபக்கமும் உண்டு. அதே குறியீடு 2000 மார்ச்சில் 1,527இல் இருந்தது. அந்த இடத்துக்குத் திரும்பி வர 2007 ஆனது. வந்த கையோடு மறுபடி சரிந்து, 2009 மார்ச்சில் 676க்குப் போனது. நிரந்தரமாக அந்த உயரத்தைக் கடந்தது 2013இல். பதின்மூன்று வருடம். இடையில் டிவிடெண்ட் (நிறுவனங்கள் பங்குதாரருக்குத் தரும் இலாபப் பங்கு) கிடைத்திருக்கும் என்றாலும், கடன் வட்டி கட்டுபவருக்குப் பதின்மூன்று வருடம் என்பது ஒரு பிள்ளை முதலாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழக வாசல் வரை போகும் காலம். ஜப்பானின் நிக்கெய் 1989 கடைசியில் 38,915 புள்ளிகளில் முடிந்தது. அதைத் திரும்பத் தாண்டியது 2024 பெப்ரவரியில்.

ஆக, உச்சம் என்ற ஒரே காரணத்துக்காகப் பயப்பட வேண்டாம். உச்சத்திலிருந்து பெரிய சரிவு வராது என்று நம்பிக் கடன் எடுக்கவும் வேண்டாம். எந்த உச்சம் 2013, எந்த உச்சம் 2000 என்று அந்த நாளில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மொத்தமாகப் போடுவது நல்லதா, மாதம் மாதம் பிரித்துப் போடுவது நல்லதா?

2012இல் வான்கார்ட் நிறுவனம் இதைப் பழைய தரவுகளை வைத்து ஆராய்ந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும், ஒரே தடவையில் போட்டவர் பன்னிரண்டு மாதங்களில் பிரித்துப் போட்டவரைவிட ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை முன்னால் இருந்தார். காரணம் எளிது: சந்தை இறங்கும் காலத்தைவிட ஏறும் காலம் அதிகம். வெளியே நிற்கும் காசு அந்த ஏற்றத்தைத் தவறவிடுகிறது.

அப்படியானால் ஹீலொக் காசையும் மொத்தமாகப் போட்டுவிடலாமே?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். அந்த ஆய்வு தன் கையில் உள்ள காசை முதலிடுபவரைப் பற்றியது. பாட்டி விட்டுப்போன காசு, வீடு விற்று வந்த காசு, வேலையில் கிடைத்த போனஸ். அந்த மூன்றில் ஒரு பங்கு கெட்ட தடவைகளில் அவர் என்ன செய்வார்? வருத்தப்படுவார், காத்திருப்பார். யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

கடன் எடுத்தவரின் நிலையைப் பாருங்கள். 200,000 டொலர் எடுத்து, 2008 ஜூனில் ரொறன்ரோச் சந்தையின் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால், ஒன்பது மாதத்தில், 2009 மார்ச்சில், அது ஏறக்குறைய பாதியாகியிருக்கும். குறியீடு 15,000க்கு மேலிருந்து 7,600க்குக் கீழே போனது. கையில் 100,000. கடன் அதே 200,000. குறியீடு பழைய இடத்துக்குத் திரும்பியது 2014இல். அந்த ஆறு வருடமும் மாதம் தவறாமல் வட்டி போயிருக்கும்.

அந்த மார்ச் மாதத்து நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வேலைகள் போய்க்கொண்டிருந்தன. ஒஷாவாவிலும் வின்ட்சரிலும் கார் தொழிற்சாலை வேலைகளை நம்பியிருந்த குடும்பங்கள் ஆடிப்போயிருந்தன. ஒருவர் வேலை இழந்த வீட்டில், "சந்தை திரும்ப வரும், பொறு" என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் அந்தக் கடனைப் பற்றிப் பேசும் பேச்சு எந்த ஆய்விலும் பதிவாவதில்லை. அந்தப் பேச்சின் முடிவில் விற்றவர்கள்தான் உண்மையில் நட்டப்பட்டவர்கள். பொறுத்திருந்தவர்கள் மீண்டுவிட்டார்கள்.

சராசரிக் கணக்கு பொறுத்திருக்க முடிந்தவருக்கு மட்டுமே சொந்தம். கடன் அந்தப் பொறுமையைத்தான் முதலில் சாப்பிடுகிறது.

அப்போது பிரித்துப் போட்டால் ஆபத்துப் போய்விடுமா?

போகாது, தள்ளிப்போகும். ஒரு வருடத்தில் பிரித்துப் போட்டு முடித்த பிறகு, பதின்மூன்றாம் மாதம் சந்தை சரிந்தால் நீங்களும் மொத்தமாகப் போட்டவரும் ஒரே படகில். ஹீலொக்கில் ஒரு சின்ன வசதி இருக்கிறது: எடுக்காத தொகைக்கு வட்டி இல்லை. ஆகவே பிரித்துப் போடுவதால் வட்டி நட்டம் இல்லை, மனம் பழகுவதற்கு நேரம் கிடைக்கிறது. முதல் 20,000 டொலர் 15,000 ஆகும்போது உங்கள் நித்திரை எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். மொத்தமாகப் போடப் பயமாக இருக்கிறது, ஆனால் பன்னிரண்டாகப் பிரித்தால் சரி என்று ஒருவர் சொன்னால், அவர் எடுக்க நினைக்கும் தொகையே அவருக்குப் பெரிது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எனக்குப் பிடித்த வழி வேறு. மாதாந்த மோட்கேஜ் கட்டணத்தில் ஒரு பகுதி வட்டிக்கும் ஒரு பகுதி முதலுக்கும் போகிறது. முதல் குறையக் குறைய ஹீலொக் வரம்பு தானாகக் கூடும் வகையில் சில மோட்கேஜ்கள் அமைக்கப்பட்டிருக்கும். இந்த மாதம் மோட்கேஜின் முதல்தொகையில் 1,200 டொலர் குறைந்தால், அந்த 1,200ஐ மட்டும் எடுத்து முதலிடுங்கள். உங்கள் மொத்தக் கடன் ஒரு டொலர்கூடக் கூடவில்லை. கழிக்க முடியாத கடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கக்கூடிய கடனாக மாறுகிறது. சந்தை உச்சமா பள்ளமா என்ற கவலையும் தானாகச் சிறுத்துப்போகும். ஸ்மித் மனூவரின் அடிப்படையே இதுதான்; பெரிய தொகையை ஒரே நாளில் எடுப்பது அதன்மேல் பின்னால் ஒட்டப்பட்ட ஆசை. ஆனால் மோட்கேஜ் கடன் குறைவதால் கிடைக்கும் நிம்மதியும் இதில் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

வட்டி ஏறினால் எவ்வளவு வலிக்கும்?

இதற்கு ஊகம் தேவையில்லை, அண்மையில் நடந்ததே போதும். 2022 தொடக்கத்தில் பிரைம் 2.45 சதவீதம். 2023 ஜூலையில் 7.20. பதினேழு மாதத்துக்குள். 200,000 டொலர் ஹீலொக்குக்கு மாதவட்டி ஏறக்குறைய 490 டொலரிலிருந்து 1,280 டொலருக்குப் போனது. 2025 அக்டோபர் இறுதியின் 4.95இல் அது 825.

2008இல் ஒரு ஆறுதல் இருந்தது: சந்தை விழுந்தபோது வட்டியும் இறங்கியது. 2022இல் அந்த ஆறுதலும் இல்லை. வட்டி ஏறியது, எஸ்&பி 500 அந்த வருடத்தில் 19 சதவீதம் அளவில் இறங்கியது, கடன்பத்திரங்களும் விழுந்தன, ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சராசரி வீட்டு விலை பெப்ரவரியில் சுமார் 13.3 லட்சம் டொலரிலிருந்து டிசம்பரில் சுமார் 10.5 லட்சத்துக்கு வந்தது. மோட்கேஜும் மாறும் வட்டியில் இருந்தவர்களுக்கு இரண்டு கடனும் ஒரே நேரத்தில் ஏறின. "எல்லாம் ஒன்றாக விழாது" என்று யாராவது சொன்னால், இந்த வருடத்தை நினைவுபடுத்துங்கள்.

வீட்டு விலை குறைந்தால் வங்கி காசைத் திருப்பிக் கேட்குமா?

மாதவட்டி ஒழுங்காகக் கட்டும் வரை, விலை குறைந்தது என்பதற்காகப் பங்குத் தரகர் போல உடனே அழைத்துப் பணம் கேட்பது வழக்கம் இல்லை. பங்குகளையே ஈடாக வைத்துத் தரகர் கடன் தரும் மார்ஜின் கணக்கைவிட ஹீலொக் மேலானது என்று சொல்வதற்கு அதுதான் காரணம். ஆனாலும் ஹீலொக், கேட்கும்போது திருப்பித் தர வேண்டிய கடன் என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். வரம்பைக் குறைக்கவும் வங்கிக்கு உரிமை உண்டு. "அவசரத்துக்கு மிச்ச ஹீலொக் இருக்கிறதே" என்று அதையே அவசர நிதியாக நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். வேலை போய், சந்தை விழுந்து, வீட்டு விலையும் இறங்கும் நாளில்தான் அந்த வரம்பு குறைக்கப்பட வாய்ப்பு அதிகம்.

1989இல் ரொறன்ரோவில் சராசரி வீட்டு விலை சுமார் 274,000 டொலர். 1996இல் சுமார் 198,000. பழைய இடத்துக்கு 2002இல்தான் வந்தது. எண்பதுகளின் கடைசியில் வந்து, முதல் வீட்டை வாங்கிய நம்மவர்கள் சிலருக்கு இது நினைவிருக்கும். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு, வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் பொருளாகத்தான் அறிமுகம்.

சரி, எவ்வளவு எடுக்கலாம் என்று ஒரு அளவு சொல்லுங்கள்.

நான் பார்க்கும் விதம் இது. முதலில், ஹீலொக் வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டு மாதவட்டியைக் கணக்கிடுங்கள். அதை ஒருவருடைய சம்பளத்தில் மட்டும், மற்றவர் வேலை இல்லாமல் இருந்தாலும், ஒரு வருடம் கட்ட முடிய வேண்டும். அப்புறம், போடும் தொகை பாதியாகிறது என்று வையுங்கள். அந்த நட்டத்தை உங்கள் வழக்கமான சேமிப்பிலிருந்து மூன்று வருடத்தில் அடைக்க முடிய வேண்டும். வருடம் 15,000 டொலர் சேமிப்பவர் மூன்று வருடத்தில் 45,000 அடைப்பார். அவருக்கு 90,000 டொலர்தான் எல்லை. வங்கி 4 லட்சம் தரும்.

இது என் அளவுகோல், கொஞ்சம் கடுமையானதுதான். இதைவிடக் கூடுதலாக எடுத்து நன்றாக வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நன்றாக வராதவர்கள் கல்யாண வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பத்து வருடத்துக்குள் அந்தக் காசு வேண்டியிருக்கும் என்றால், பிள்ளையின் படிப்போ ஓய்வுக்காலமோ எதுவாக இருந்தாலும், இதில் இறங்க வேண்டாம். கிரெடிட் கார்ட் கடன், கார்க் கடன், சீட்டுக்குக் கட்ட வேண்டிய மாதக்காசு என்று ஏற்கனவே இழுபறி இருந்தாலும் வேண்டாம்.

ரிஎஃப்எஸ்ஏ (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு), ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்) கணக்குகளில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஹீலொக் காசை அதில் போடலாமா?

போடலாம், ஆனால் அந்த வட்டியைக் கழிக்க முடியாது. அப்புறம் இந்தத் திட்டத்தின் முக்கிய நன்மையே போய்விடும். இடம் இருக்கும்போது அதைச் சொந்தச் சேமிப்பால் நிரப்புங்கள். இந்த இரண்டும் நிரம்பாத வீட்டில் ஹீலொக் முதலீடு பற்றிப் பேசுவது அவசரம் என்றே நினைக்கிறேன். கடன் இல்லாமல், வரி இல்லாமல் வளரும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கடனோடும் வரியோடும் வளர்க்கப் போவதில் என்ன பயன்?

வட்டிக் கழிவு எப்போதெல்லாம் கைவிட்டுப் போகும்?

பணத்தின் பாதை கலங்கும்போது. ஹீலொக்கிலிருந்து எடுத்த காசை, சம்பளம் வரும் கணக்கில் போட்டு, அதிலிருந்து மளிகைச் செலவும் செய்து, மிச்சத்தை முதலிட்டால், எந்த டொலர் எங்கே போனது என்று வரித் திணைக்களத்திடம் காட்டுவது கடினம். ஹீலொக்கிலிருந்து நேராக, தனியாகத் திறந்த, வரிச்சலுகை இல்லாத முதலீட்டுக் கணக்குக்குப் போக வேண்டும். அதே ஹீலொக்கில் குசினி திருத்தவோ ஊருக்குப் போகவோ எடுக்கக் கூடாது. தேவைப்பட்டால் வங்கியிடம் இரண்டாவது துணைக்கணக்கு கேளுங்கள், பல வங்கிகள் தரும். கழிவை வரிப் படிவத்தில் 22100 என்ற இலக்கமிட்ட இடத்தில் போடுவார்கள். கடன் அறிக்கையும் பங்கு வாங்கிய அறிக்கையும் வருடக்கணக்காகப் பத்திரமாக இருக்க வேண்டும்.

முதலீடு டிவிடெண்ட் அல்லது வட்டி போன்ற வருமானம் தரக்கூடியதாக இருக்க வேண்டும். விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் போதாது. தங்கக் கட்டி வாங்கினால் கழிவு இல்லை. டிவிடெண்டே தரமாட்டோம் என்று கொள்கையாக வைத்திருக்கும் நிறுவனமோ ஃபண்டோ என்றாலும் சிக்கல்.

கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மாகாண வரியில் இன்னொரு கட்டுப்பாடு: அந்த வருடத்து முதலீட்டு வருமானத்துக்கு மேல் இந்தச் செலவைக் கழிக்க முடியாது. மிஞ்சியதை வேறு வருடங்களுக்கு எடுத்துச் செல்லலாம்.

டிவிடெண்ட் அதிகம் தரும் பங்குகளை வாங்கி, அந்தக் காசிலேயே வட்டியைக் கட்டிவிட்டால் கையிலிருந்து ஒன்றும் போகாதே?

கேட்க இனிமையாக இருக்கிறது. டிவிடெண்ட் என்பது வாக்குறுதி இல்லை. கனடாவில் பாதுகாப்பான டிவிடெண்டுக்குப் பெயர்போன பிசிஇ, அதாவது பெல் தொலைபேசியின் தாய் நிறுவனம், 2025 மே மாதம் வருட டிவிடெண்டை 3.99 டொலரிலிருந்து 1.75 டொலருக்குக் குறைத்தது. பங்கின் விலை அதற்கு முன்பே பாதிக்கு மேல் விழுந்திருந்தது. அதை வாங்கி வட்டி கட்டலாம் என்று இருந்தவருக்கு முதலும் போனது, வருமானமும் போனது.

மாதாமாதம் கொழுத்த தொகை தரும் சில ஃபண்டுகள் உங்கள் முதலையே திருப்பித் தருகின்றன. வரிக் கணக்குக்காக ஃபண்ட் வருடாவருடம் அனுப்பும் டி3 சீட்டில் 42ஆம் கட்டத்தைப் பாருங்கள், அங்கே எண் இருந்தால் அது அப்படித் திரும்பி வந்த முதலாக இருக்கக்கூடும். அதை எடுத்து வீட்டுச் செலவுக்குப் பயன்படுத்தினால், அந்த அளவுக்கு உங்கள் வட்டிக் கழிவும் குறையும். பலர் இதை வருடக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறார்கள்.

செலவு குறைந்த, உலகம் முழுவதும் பரந்த ஒரு இன்டெக்ஸ் ஃபண்ட் போதும். அதுவும் கொஞ்சம் டிவிடெண்ட் தரும்.

வட்டியையும் ஹீலொக்கிலேயே எடுத்துக் கட்டலாம் என்கிறார்களே?

சட்டப்படி முடியும், ஒழுங்காகச் செய்தால் அந்த வட்டிக்கான வட்டியும் கழிக்கத்தக்கது. ஆனால் கடன் தானே வளரத் தொடங்கிவிடும். வட்டியைச் சம்பளத்திலிருந்து கட்ட முடியாதவர்தான் பெரும்பாலும் இந்த வழியைத் தேடுகிறார். அவருக்கு என் பதில்: தொகையைக் குறையுங்கள்.

என்னிடம் ஏற்கனவே 80,000 டொலர் பங்குகள் சாதாரணக் கணக்கில் இருக்கின்றன. மோட்கேஜும் இருக்கிறது. எனக்கும் இதே ஆலோசனையா?

இல்லை. உங்களுக்கு மிக நல்ல வழி இருக்கிறது, இதை அதிகம் பேர் சொல்வதில்லை என்பதில் எனக்கு ஆதங்கம் உண்டு. அந்தப் பங்குகளை விற்று, அந்த 80,000ஐ மோட்கேஜில் கட்டுங்கள், ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்கு. பிறகு ஹீலொக்கில் அதே 80,000ஐ எடுத்து, முதலீட்டைத் திரும்ப வாங்குங்கள். உங்கள் மொத்தக் கடனும் கூடவில்லை, முதலீடும் கூடவில்லை. சந்தை உச்சமா என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் நீங்கள் புதிதாக எதையும் உள்ளே போடவில்லை. மாறியது ஒன்றுதான்: முன்பு கழிக்க முடியாமல் இருந்த வட்டி இப்போது கழிக்கக்கூடியது.

இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. வன்கூவரைச் சேர்ந்த சிங்கிள்ட்டன் என்ற சட்டத்தரணி, 1988இல் தன் சட்ட நிறுவனத்தில் போட்டிருந்த சொந்த முதலில் 300,000 டொலரை எடுத்து வீடு வாங்கப் பயன்படுத்தினார். பிறகு கடன் வாங்கி நிறுவனத்தின் முதலை நிரப்பினார். கடன் உண்மையில் வீட்டுக்குத்தான் என்று வரித் திணைக்களம் வாதாடியது. கடன் காசு நேரடியாக எங்கே போனது என்பதே முக்கியம் என்று சொல்லி, 2001இல் கனடா உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இரண்டு இடத்தில் கவனம். பங்குகளில் இலாபம் இருந்தால், விற்கும்போது அதில் பாதி வருமானத்தில் சேரும், அதற்கு வரி வரும். நட்டத்தில் விற்று, முப்பது நாளுக்குள் அதையே திரும்ப வாங்கினால் அந்த நட்டத்தை இப்போது கணக்கில் காட்ட முடியாது. மோட்கேஜை முன்கூட்டிக் கட்டுவதற்குத் தண்டம் வருமா என்றும் வங்கியிடம் கேளுங்கள்.

ஆலோசகர் ஒருவர் 3 லட்சம் எடுத்துப் போடச் சொல்கிறார். நம்மவர்தான், தெரிந்தவர்.

தெரிந்தவர் என்பதால் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எனக்கு இந்தத் தொழிலில் உள்ள எல்லோர் மேலும் குற்றம் சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் நீங்கள் எவ்வளவு அதிகம் முதலிடுகிறீர்களோ, வருடாவருடம் கமிஷன் வரும் ஃபண்டுகளில் அவருக்கும் அவ்வளவு கூடும். கடன் உங்களுடையது, கமிஷன் அவருடையது.

மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்களைக் கண்காணித்த அமைப்பு, கடன் வாங்கி முதலிடச் சொல்லும்போது எவையெல்லாம் எச்சரிக்கை அடையாளம் என்று முகவர்களுக்கு வழிகாட்டல் தந்திருக்கிறது. முதலிடுபவர் 60 வயதைக் கடந்தவர், முதலீட்டு அறிவு குறைந்தவர், கடன் அவருடைய நிகரச் சொத்தின் (கடன்களைக் கழித்து மிஞ்சும் சொத்தின்) 30 சதவீதத்துக்கு மேல், எல்லாக் கடன் கட்டணங்களும் சேர்ந்து வருமானத்தின் 35 சதவீதத்துக்கு மேல். இவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும், அவர் எப்படி இதைச் சரியென்று முடிவு செய்தார் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் வருமானம், அனுபவம், துணிவு எல்லாவற்றையும் கூட்டி எழுதப்பட்ட படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

வீடு இருவர் பெயரில் இருந்தால் இருவரும் ஒப்பமிட வேண்டும். மனைவிக்கோ கணவனுக்கோ விளங்காமல், "நீ கையெழுத்து மட்டும் போடு" என்று செய்யப்படும் ஹீலொக் எனக்குக் கோபத்தைத் தரும் விஷயம். அது இருவருடைய கூரை.

ஏற்கனவே போட்டுவிட்டேன். இப்போது சந்தை விழுகிறது. என்ன செய்வது?

முதலில், வட்டியைக் கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், முதலீடு பரந்த இன்டெக்ஸ் ஃபண்டாக இருந்தால், ஒன்றும் செய்ய வேண்டாம். 2020இல் எஸ்&பி 500 பெப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் இடையில் 34 சதவீதம் விழுந்து, ஆகஸ்டில் புது உச்சம் தொட்டது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் இறக்குமதி வரி அறிவிப்புகளால் சில நாட்களில் கடுமையாகச் சரிந்து, ஜூன் கடைசியில் திரும்ப உச்சத்துக்கு வந்தது. எல்லாச் சரிவும் இவ்வளவு விரைவில் மீளாது என்பதற்கு மேலே சொன்ன வருடங்கள் சாட்சி.

வட்டி கட்டக் கஷ்டமாக இருந்தால், எல்லாவற்றையும் விற்பதா ஒன்றும் விற்காமல் இருப்பதா என்று இரண்டு முனையில் மட்டும் யோசிக்காதீர்கள். மாதவட்டி கட்டக்கூடிய அளவுக்குக் கடன் வரும் வரை ஒரு பகுதியை மட்டும் விற்று, அந்தக் காசை நேராக ஹீலொக்கில் கட்டுங்கள். நட்டத்தில் விற்றுக் கட்டிய பிறகும் கொஞ்சம் கடன் மிஞ்சினால், அந்த மிச்சக் கடனின் வட்டியைத் தொடர்ந்து கழிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நிபந்தனைகளோடு. கடனை வைத்து முதலிட்டவர்களின் வரிக் கணக்கைச் செய்து பழகிய கணக்காளரிடம் இதைக் கேட்டுவிட்டு விற்பது நல்லது. விற்ற காசை வேறு செலவுக்கு எடுத்துவிட்டால் அந்தக் கழிவு அதோடு போய்விடும்.